கொண்டையா, குமிழா?

பிள்ளைகளே, இந்த வாடகைப் பாத்திரக் கடையில் தட்டு துடைத்து ஓய்ந்தவள் நான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று உங்கள் முதலாளி ஆள் அனுப்பியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் தொட்டிலில் கிடந்து கத்தியதைக் கேட்டவள் நான். இன்று அவர் கூப்பிட்டு நான் பேச வேண்டியிருக்கிறது. மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

எந்த அண்டாவுக்குள் எந்த அண்டாவை அடுக்குவது, வேனில் கரண்டி மூட்டையை எங்கே சொருகுவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். இப்போது உள்ளே நுழையும்போது உங்களில் ஒரு பெண் வாடிக்கைக்காரர் ஒருவரிடம், “கொண்டையா, குமிழா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் “குமிழ்தாம்மா” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று அவளிடம் கேட்டேன். “கடையில எல்லாரும் கேக்காவ, நானும் கேக்கேன்” என்றாள். அவளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் இந்தக் கடையின் பெருமையே மூடித்தட்டுகள்தான். ஜெர்மன் சில்வரில் அகலமான தட்டு, அதற்கேற்ற கூம்பு மூடி. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குப் பெரியது. மூடியின் உச்சியில் ஒரு துளை. மரை போட்ட தண்டை அந்தத் துளையில் விட்டு முடுக்கினால் கைப்பிடி. அந்தக் கைப்பிடியைத்தான் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றி மாற்றிப் போடுவோம். மயில், அன்னம், கிளி, தாமரை மொட்டு இருக்கும். மாதாகோயில் கல்யாணத்துக்கு மணி போகும். கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளுக்குப் பிறையும் ரோஜாவும். கடையில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொண்டை என்று பெயர். “ஏட்டி, கொண்டை போட்டாச்சா?” என்று அந்தக் காலத்து முதலாளி பின்கட்டைப் பார்த்துச் சத்தம் போட்டால், கடைக்கு வந்திருக்கும் பெண்கள் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

கொண்டைகளிலேயே உசத்தி சலங்கை ரோஜா, கல்யாணம் மாதிரி சந்தோஷ வீட்டுக்கு மட்டும் போவது. சிவப்புக் கல் பதித்த பூ, காம்பைச் சுற்றிக் குட்டிக் குட்டிச் சலங்கைகள். மூடியைத் தூக்கினால் சல்லென்று சத்தம் வரும். பட்டறையிலிருந்து தட்டு வந்தபோது கூடவே வந்த வெறும் உருண்டைக் கைப்பிடிக்குக் குமிழ் என்று பெயர். அதை யாரும் கேட்டதில்லை. சாக்கில் கட்டி ஒரு மூலையில் கிடந்தது.

கொண்டை விஷயத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ராயகிரியில் ஒரு மாப்பிள்ளைப் பந்தியில் மயில் கொண்டையின் அலகு மாப்பிள்ளையின் பட்டு அங்கவஸ்திரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் எழுந்து நின்றபோது மூடியும் கூடவே எழுந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் அதைச் சகுனம் என்று ஆரம்பிப்பதற்குள், தட்டுகளோடு போயிருந்த எங்கள் அண்ணன் ஒருவர், “மயிலே மாப்பிள்ளைய விடமாட்டேங்கு, பொண்ணு எங்க விடப்போவுது!” என்று ஒரு போடு போட்டார். பந்தியே சிரித்துவிட்டது. அந்த அண்ணன்தான் கொண்டை முடுக்குவதில் எங்கள் எல்லாரையும் விடக் கெட்டிக்காரர். அவர் ஊரில் இல்லாத ஒரு நாளில்தான் நான் சொல்லப்போவது நடந்தது.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது நான் சின்னப் பெண். பொட்டில்லாதவள் கல்யாணச் சாமானைத் தொடுவதா என்று எத்தனையோ கடைகளில் என்னை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடை முதலாளி மட்டும், “திருநீறு போட்டுத் துடைக்கத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். உள்ளே போகச் சொல்லிவிட்டார். பிற்பாடு ஒரு கல்யாண வீட்டுக்காரர் என்னைப் பின்கட்டில் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தபோது, “அவ கை பட்டுத் தட்டு கறுத்தா போச்சு வே? வெளுக்கத்தான செய்யிது” என்றார். அந்த வார்த்தைக்கு நான் சாகிறவரை நன்றி சொல்வேன்.

ஆனாலும் அவரும் ஊரோடு ஒத்துப் போகிறவர்தான். துடைப்பேன், முடுக்குவேன், பெட்டியில் அடுக்குவேன். விசேஷ வீட்டுக்கு மட்டும் போக மாட்டேன். யாரும் போகாதே என்று சொன்னதில்லை, நானும் வருகிறேன் என்று கேட்டதில்லை. நான் துடைத்த தட்டில் சோறு இருந்து நான் பார்த்ததே கிடையாது.

வாடகைக் கடைக்கு ஆடி மாதம் வயிறு காய்கிற மாதம் என்பது உங்களுக்கும் தெரியும். எங்களவர் வீடுகளில் ஒரு கல்யாணமும் இருக்காது. சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டமும் வடிந்து, ரத வீதியில் புழுதி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு காலை முதலாளி கடையைத் திறந்து ஊதுபத்தி பொருத்திக்கொண்டிருந்த நேரத்தில் கடையநல்லூரிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். நெசவுக்கார வீட்டுப் பிள்ளை. நான் பின்கட்டில் இருந்தபடி கேட்டது இவ்வளவுதான்.

“அண்ணாச்சி, தங்கச்சி வீட்டுல நாப்பது. முப்பது மூடித்தட்டு வேணும். பள்ளிவாசல் தட்டெல்லாம் வேற வீட்டுக்குப் போயிட்டு.”

“எப்பம் தம்பி?”

“நாளைக்கழிச்சு. லுஹர் தொழுகை முடிஞ்சு மத்தியானப் பந்தி.”

“ஜமாய்ச்சிருவோம்!” என்றார் முதலாளி.

அந்த இளைஞர் ஒரு கணம் முதலாளியின் முகத்தையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அவர்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவள் நாற்பதாம் நாள் தலைமுழுகுவதும் நாப்பதுதான். ஒருவர் இறந்த நாற்பதாம் நாள் ஓதிச் சோறு போடுவதும் நாப்பதுதான். இரண்டுக்கும் ஒரே வார்த்தை. எந்த நாப்பது என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். அடுத்த ஊர்க் கடைக்காரர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “நல்லதுக்கா, கெட்டதுக்கா?” என்று நம் பக்கத்தில் கேட்பது வழக்கம்தானே? ஆனால் அது போணி நேரம். ஆடி மாதத்தில் தேடி வந்த முதல் வியாபாரத்தில் சாவுப் பேச்சை எந்த வியாபாரி வாயில் எடுப்பார்? வந்தவருக்கும் தங்கை புருஷன் செத்துப்போனதை இன்னொரு தடவை சொல்ல நாக்கு எழவில்லை.

போதாக்குறைக்கு முதலாளி வீட்டில் அப்போது மகள் பிரசவத்துக்கு வந்து, பேரன் பிறந்திருந்தான். நாப்பது எப்போது வருகிறது, அன்றைக்கு என்ன செய்வது என்று வீட்டுப் பெண்கள் பேசிப் பேசி அவர் காது நிறைந்து கிடந்தது. அந்தப் பேரன்தான் இன்று உங்கள் முதலாளி. அதனால் இந்தத் தவறில் அவருக்கும் பாதிப் பங்கு உண்டு. நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.

“ஏட்டி கோமதி, சலங்கை ரோசாவ எடு. பிள்ள பெத்த வீடு” என்றார் முதலாளி, பின்கட்டுக்கே வந்து.

முடுக்குகிற அண்ணன் கரிவலம்வந்தநல்லூரில் கோயில் கொடைக்குப் போயிருந்தார். வேறு ஆள் இல்லை. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஏன் நிற்கிறார் என்று புரிந்துகொண்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

கடைசியில், “உள்ள பொம்பளயதான் இருப்பாவ. நீயே போ. பின்பக்கமா போயி, வழியில தளந்தத முடுக்கிக் குடுத்துட்டுப் பின்பக்கமாவே வந்துரு. பிள்ள பெத்தவ கண்ணுல மட்டும் படாண்டாம், என்ன?” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

புளியங்குடி தாண்டியதும் ஆடிக்காற்று வேனையே பிடித்துத் தள்ளியது. பின்னால் பெட்டிகளுக்குள் சலங்கைகள் வழியெல்லாம் குலுங்கிக்கொண்டே வந்தன. பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போகிறோமே, யாராவது என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன்.

வேன் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. டிரைவர் கலகலப்பான மனிதர். வாசலில் நின்ற உயரமான அம்மாவிடம், பெட்டியை இறக்கிக்கொண்டே, “என்னம்மா, ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?” என்று கேட்டார்.

அந்த அம்மா அவரையும் சலங்கைச் சத்தம் வந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆம்பளப் பிள்ளதான். மவுத்தாயி இன்னியோட நாப்பது நாளு ஆவுது” என்றார்.

மவுத் என்றால் சாவு, செத்தது அந்த அம்மா பெற்ற பிள்ளை. டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியைத் தரையில் வைத்தார். வைத்த அதிர்வில் அது இன்னொரு தடவை சல்லென்றது.

என் மனதில் அப்போது என்ன ஓடியது என்று உண்மையாகவே சொல்கிறேன். பயத்துக்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது. ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை, இது என்னைப் போன்றவள் இருக்கும் வீடு. அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது. கடையில் தட்டு கேட்டு வந்த அந்த இளைஞர், அவர்தான் செத்துப்போனவருக்கு மைத்துனர், ஓடி வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். சிவப்புக் கல் அத்தனையும் வெயிலில் மின்னின. அவர் அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, தட்டுக்கு ஏற்பாடு பண்ணுனது நான். மச்சானுக்கப் பெரியவாப்பா வீட்டு ஆளுவ எல்லாம் வாராவ. புருசன் மவுத்தாயி நாப்பது கழியல, அதுக்குள்ள அண்ணன்காரன் தங்கச்சிய அடுத்த கலியாணத்துக்குத் தயார் பண்ணுதான்னு சொல்லுவாவ. ஏற்கனவே ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு. என்னையச் சொன்னாலும் பரவால்ல. அவளைல்லா சொல்லுவாவ!”

உள்ளறையில் அந்தத் தங்கை பாயில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அண்ணன் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. வீட்டில் எது நடந்தாலும் நம் தலையில்தான் வந்து விடியும் என்று தெரிந்தவளின் பார்வை. இவளை யாரும் ஒரு சொல் சொல்ல விடக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

பெட்டிகளைத் தறி இருக்கும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். பின்வாசலை ஒட்டி இருந்த அந்தக் கூடத்தில்தான் தட்டுகளைப் பரப்ப இடம் இருந்தது. சலங்கை சத்தம் போடாமல் இருக்க ஒவ்வொரு கொண்டையையும் உள்ளங்கையில் பொத்திக் கழற்றினேன். கழற்றிக் கழற்றிச் சாக்கில் போட்டுக் கட்டி வேனுக்கே அனுப்பிவிட்டேன். அதுவரை சரி. பிறகுதான் மூடியைத் தூக்கப் போனேன். பிடிக்க ஒன்றுமில்லை. உச்சியில் வெறும் துளை. கொண்டை போனால் கைப்பிடியும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? அவசரத்தில் மறந்துவிட்டது.

மூடியில்லாமல் கொடுக்கலாம் என்றால், தெருவைத் தாண்டிப் பந்தலுக்குப் போக வேண்டும். அந்த ஆடிக்காற்றில் நெய்ச்சோற்றோடு புழுதியும் சேர்ந்துதான் போகும். குமிழ்ச் சாக்கு சங்கரன்கோவிலில் மூலையில் கிடக்கிறது. போய் எடுத்து வருவதற்குள் பந்தி முடிந்துவிடும். கொல்லையில் கிடந்த கயிற்றை விட்டுப் பார்த்தேன். பிசிறும் அழுக்குமாக இருந்தது. சோற்றுத் தட்டில் அதை எப்படிப் போடுவது? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் தறியைப் பார்த்தேன். பாதி நெய்த துண்டோடு நின்றுபோயிருந்தது. மேலே கொஞ்சம் தூசி. அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று, நெய்ய இழுத்துக் கட்டிய பாவு நூல் நீட்டியபடியே கிடந்தது. செத்துப்போனவர் கடைசியாக உட்கார்ந்திருந்த இடம் அது. நாற்பது நாளாக யாரும் அதைத் தொடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

நூல் அருமையான நூல். முறுக்கித் துளையில் விட்டு உள்ளே முடிச்சுப் போட்டால் நல்ல பிடி கிடைக்கும். ஆனால் அதை எப்படிக் கேட்பது? மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய், உன் மகன் விட்டுப்போன பாவை அறுத்துக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? கேட்காமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. முதலாளியும் அந்த இளைஞரும் கேட்க வேண்டியதைக் கேட்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால்தானே நான் இங்கே நிற்கிறேன் என்றும் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டேன்.

“அம்மா, கொண்டைக்குப் பதிலா நூலு கெட்டிக் குடுக்கலாம். வேற நூலு இல்ல. அந்தப் பாவ அறுக்கலாமா?”

அந்த அம்மா என்னைக் கடந்து போய்த் தறியின் முன்னால் நின்றார். பாவின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தடவினார். எனக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மாடத்திலிருந்து கத்தரியை எடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. அவரே அறுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“எம் பிள்ள கை பட்ட நூலு. அவம் பேருல போடுத சோத்துக்கு இத விட்டா வேற எதுக்கு ஆவும்? இந்தா பிடி” என்றார்.

நான் முறுக்கினேன். அவசரத்தில் முறுக்கு நிற்காமல் பிரிந்து பிரிந்து போனது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் எழுந்து வந்திருந்தாள். என் கையிலிருந்து நூலை வாங்கினாள். நெசவு வீட்டுப் பெண் அல்லவா, ஒரு நுனியைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு முறுக்கிய வேகத்தில் என் கண்ணே சுற்றியது.

“இறுக்கி முறுக்கணும் அக்கா. இல்லன்னா சூடு தாங்காது” என்றாள். அன்று அவள் என்னிடம் பேசியது அது மட்டும்தான்.

மாமியார் அறுக்க, மருமகள் முறுக்க, நான் துளையில் விட்டு முடிந்தேன். தொழுகை முடிந்து ஆட்கள் பந்தலுக்கு வரும்போது கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தட்டுகள் போவதை நாங்கள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அந்தப் பெரியவாப்பா, செத்துப்போனவருடைய தகப்பனாரின் அண்ணன், முதல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். மூடியைத் தூக்கக் கையை நீட்டியவர் நிறுத்திக்கொண்டார்.

“என்ன இது? நூலக் கெட்டி வச்சிருக்கு?” என்றார் சத்தமாக.

என் பக்கத்தில் நின்ற அம்மா திரைக்குப் பின்னால் இருந்தபடியே குரல் கொடுத்தார். வெண்கலத் தொண்டை அவருக்கு. “உங்க தம்பி மவன் தறியில நின்ன பாவு, மச்சான். அவனே தொறந்து வைக்கான்னு நெனச்சுத் தொறங்க.”

 பெரியவர் அந்த வெள்ளை முடிச்சை இரண்டு விரலால் பிடித்துத் தடவிப் பார்த்தார். பிறகு பிஸ்மில்லா சொல்லி மூடியைத் தூக்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். ஆவி பறக்கச் சோறு இருந்தது. நான் துடைத்த தட்டில் சோற்றை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு எதிர்வீட்டுக்காரி வந்தாள். “காலையில என்னமோ சலங்கைச் சத்தம் கேட்டிச்சே?” என்று இழுத்தாள்.

“ஐஸ்காரன் போயிருப்பான்” என்றார் அம்மா, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல்.

நான் புறப்படும்போது அந்த அம்மா வேன் வரைக்கும் வந்தார். முதலாளியின் பேரன் பிறந்த கதையை டிரைவர் அதற்குள் உளறியிருந்தார். “உங்க அண்ணாச்சிட்ட சொல்லு. எனக்கு அவரு மேல கோவம் இல்ல. பேரன் தீர்க்காயுசா இருக்கட்டும்” என்றார். சொந்த மகனைப் புதைத்த வயிறு அப்படி வாழ்த்துகிறது. உங்கள் முதலாளி இன்றைக்குக் கல்லுக்குண்டு போல உட்கார்ந்திருப்பதில் அந்த அம்மாவின் வாக்குக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன் ஏட்டி. அந்தப் பையன் மூஞ்சி சொல்லிச்சு. எனக்கு விளங்கல” என்றார். இனிமேல் கேட்டுவிட வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. எப்படிக் கேட்பது என்பதுதான் பிரச்சினை. போணி நேரத்தில் கெட்டதா என்று கேட்க அவர் நாக்கு அப்போதும் வளையாது.

“கொண்டையா, குமிழான்னு கேளுங்க அண்ணாச்சி. நல்லதுக்குக் கொண்டை, கெட்டதுக்குக் குமிழு. அதுல சாவும் இல்ல, பிறப்பும் இல்ல. அவியளே சொல்லிருவாவ” என்றேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவர் பனவடலிசத்திரத்துக்காரர், தலை முழுக்க வழுக்கை. முதலாளி ஆர்வத்தில் எடுத்தவுடனேயே, “அண்ணாச்சி, கொண்டையா, குமிழா?” என்று கேட்டுவிட்டார். அவர் மண்டையைத் தடவிக்கொண்டு, “ஏன் வே, காலங்காத்தால கேலி பண்ணுதீரா?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். இரண்டு பேரையும் சமாதானப்படுத்தக் காப்பி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் கேள்வி நிலைத்துவிட்டது. எந்தக் கொண்டை போனாலும் கூடவே குமிழ்ச் சாக்கும் போக வேண்டும் என்பதும் அன்று வந்த வழக்கம்தான். அந்தச் சாக்கு வெறுமனே கனக்கிறது என்று நீங்கள் முணுமுணுப்பதும் என் காதுக்கு வந்தது. முணுமுணுத்துக்கொண்டே தூக்குங்கள்.

இரண்டு வருஷம் போயிருக்கும். மறுபடியும் ஒரு போணி நேரம். நான் பின்கட்டில் துடைத்துக்கொண்டிருக்கிறேன். முதலாளி வழக்கம்போல, “கொண்டையாம்மா, குமிழா?” என்று கேட்டார்.

“கொண்டைதான். சலங்கை வச்ச ரோசா. அன்னைக்கிக் கழத்திக் கொண்டுபோனியள்லா, அதே முப்பதும் வேணும்” என்றது ஒரு குரல். அந்த வெண்கலத் தொண்டையை நான் மறப்பேனா?

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். “யாருக்கும்மா?”

“என் மருமவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ள நாந்தான் பாத்தேன். எங்க வீட்டுல வச்சுத்தான் நடக்கு.”

நான் கையில் திருநீறோடு வெளியே ஓடி வந்துவிட்டேன். அந்த அம்மா துப்பட்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏட்டி, நீதான் தட்டக் கொண்டு வரணும். பின்பக்கமா இல்ல. முன்வாசல் வழியா வந்து, முதத் தட்ட நீதான் அவ முன்னால வைக்கணும். அவ சொல்லி விட்டுருக்கா.”

 “நான் தாலியறுத்தவம்மா” என்றேன். முதலாளி அங்கே நிற்கிறார் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது.

“அங்கன மணப்பொண்ணா உக்காரப்போறவ யாரு? எங்களுக்குத் தாலி கருகமணி. அவளுந்தான் அதக் கழத்துனவ. அவளே உக்காருதா. தட்டு வைக்க உனக்கு என்ன?”

முதலாளி உள்ளே போய்ச் சலங்கை ரோஜாப் பெட்டியை அவர் கையாலேயே இறக்கி வைத்தார்.

நிக்காஹ் அன்று வேன் அந்தத் தெருவுக்குள் சலங்கைச் சத்தத்தோடு நுழைந்தது. எதிர்வீட்டு ஜன்னல் வழக்கம்போலத் திறந்தது. நான் முக்காட்டை இழுக்கவில்லை. முதல் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசற்படி ஏறினேன். நான் நடக்க நடக்கக் கொண்டை குலுங்கியது. கூட்டம் வழிவிட்டது. அவள் பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். தட்டை வைத்தேன். அவள் மூடியைத் தூக்குவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம், இரண்டு பேரும் சிரித்தோம். அந்த அம்மா, “சோறு ஆறுதுட்டி, தொறங்க” என்று அதட்டிய பிறகுதான் கையை விட்டாள்.

கடைக்குத் திரும்பியபோது முதலாளி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“எந்தப் பக்கமா போன?”

“முன்வாசல் வழியாத்தான் அண்ணாச்சி.”

அவர் தீக்குச்சியை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “அப்பம் ஒண்ணு செய்யி. வார முகூர்த்தத்துக்கு ராயகிரிக்குக் கலியாணத் தட்டு போவுது. நீயே கொண்டு போ. அங்கயும் முன்வாசல் வழியாவே போ. எவனாவது கேட்டா என் பேரச் சொல்லு.”

போனேன். யாரும் கேட்கவில்லை.